கோக்கியின் பக்குவம்

கற்பிட்டியில் மத்தியானச் சோறு போடும் ஒரு கடையின் குசினி. கிடாரத்தில் அரிசி கொதிக்கிறது. கோக்கி அகப்பையை விட்டு இரண்டு பருக்கையை எடுத்து, சூட்டோடு விரலிடையே நசுக்கிப் பார்க்கிறார். "பக்குவம்" என்றதும் உதவியாள் கொள்ளிகளை வெளியே இழுக்கிறார்.

அந்தப் புகைக்குள் நிற்கும் குசினி, கோக்கி, பக்குவம் மூன்றும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கோக்கி ஒல்லாந்தர் தந்த சொல். டச்சு மொழியில் சமையற்காரர் 'கொக்'. செல்லமாக நீட்டினால் 'கொக்கி'. கற்பிட்டிக் கோட்டையை அவர்கள் 1667 முதல் 1676 வரை கட்டினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆட்சி போனாலும் கந்தோரும் போஞ்சியும் கோக்கியும் நம் வாயிலேயே தங்கிவிட்டன. சிங்களத்தில் கோக்கியா. ஒல்லாந்தர் ஆண்ட இந்தோனேசியாவிலும் சமையற்காரர் கோக்கிதான்.

டச்சுக்காரருக்கும் அது இரவல்தான். லத்தீனில் சமையற்காரர் 'கொக்குஸ்', சமைப்பது 'கொக்குவேரே'. அதே சொல் போர்த்துக்கீசர் வழியாகக் குசினி ஆகி, ஒல்லாந்தருக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

பக்குவம் வந்த வழி வேறு. அது வடமொழிச் சொல். வெந்தது, பழுத்தது என்று பொருள். நளபாகத்தின் பாகமும் அதன் உடன்பிறப்பு. அங்கே 'ப', இங்கே 'க', எப்படி உறவாகும்? இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்த வேர் பகரத்தில்தான் தொடங்கியது. வடமொழி அதைக் காத்துக்கொண்டது. லத்தீனிலோ பின்னால் வந்த ககர ஒலி முன்னாலிருந்த பகரத்தையும் தன்போல் மாற்றிவிட்டது. ஐந்தைக் குறிக்கும் சொல்லைப் பாருங்கள்: வடமொழியில் 'பஞ்ச', லத்தீனில் 'குயின்குவே'. அதே மாற்றம்தான். ஒரு முறை நடந்தால் தற்செயல் எனலாம். இப்படித் திரும்ப நடப்பதை வைத்துத்தான் மொழியறிஞர்கள் உறவை உறுதிசெய்கிறார்கள்.

ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது. கடை முகப்பில், தேத்தண்ணீரோடு கேட்பவர்களுக்காக இரண்டு போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றில் கொக்கிஸ். கோக்கி சுட்டதால் கொக்கிஸ் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது சிறு பணியாரத்தைக் குறிக்கும் 'கூக்யெஸ்' என்ற டச்சுச் சொல், வேறு குடும்பம். மற்றப் போத்தலில் இருக்கும் பிஸ்கட்தான் கோக்கிக்குச் சொந்தம். லத்தீனில் அதற்கு 'இருமுறை வெந்தது' என்று பொருள்.