முயல் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் பருவம்

முயல் வளர்ப்பில் குட்டிகள் மிகுதியாக மடியும் காலங்கள் இரண்டு. பிறந்த முதல் வாரம் ஒன்று. தாயைப் பிரிந்ததைத் தொடர்ந்து வரும் இரண்டொரு வாரங்கள் மற்றொன்று. முதல் வாரத்து இழப்பிற்குக் குளிரும் பாலின்மையும் பெரும்பாலும் காரணங்களாகின்றன. இரண்டாவது இழப்போ, பெரும்பாலும் வளர்ப்பவரின் அவசரத்தினால் நேர்வது. நன்கு கொழுத்து ஓடியாடிய குட்டி, தாயை விட்டுப் பிரித்த பத்து நாட்களுக்குள் வயிறு ஊதிக் கழிச்சல் கண்டு இறந்துவிடுமாயின், அதன் காரணத்தைக் குட்டியின் வயிற்றிலேயே தேடவேண்டும்.

நம் நாட்டில் முயல் ஆராய்ச்சியை மேற்கொண்டுள்ள நிலையங்களுள் முக்கியமானது, இராஜஸ்தானத்தில் அவிகாநகரில் 1962-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையமாகும். இதன் தென்மண்டலக் கிளை கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் இயங்கி வருகிறது. வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இனங்கள் இங்குப் பேணப்பட்டு, தென்னாட்டு விவசாயிகளுக்குப் பரவியுள்ளன. இவை ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. நம் வயல்வெளிகளில் திரியும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளன. ஆகவே, இங்குக் கூறப்படுவன யாவும் வளர்ப்பு முயலுக்கே உரியன.

தாய்ப்பாலின் அளவு

வளர்ப்பு முயலின் சினைக் காலம் 30 முதல் 32 நாட்கள். குட்டி மயிரின்றி, கண் திறவாமல், ஏறத்தாழ 50 கிராம் எடையுடன் பிறக்கிறது. தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை, மூன்று நான்கு நிமிட நேரமே பாலூட்டும். இதைக் கண்டு, தாய் குட்டிகளைப் புறக்கணிக்கிறது என்று எண்ணுதல் தவறு. பசும்பாலைவிட ஏறத்தாழ மும்மடங்கு கொழுப்பும் புரதமும் கொண்டது முயற்பால். கன்று தன் பிறப்பெடையை இருமடங்காக்க ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். முயற்குட்டிக்கு ஒரு வாரமே போதும்.

பத்து நாட்கள் அளவில் கண்கள் திறக்கின்றன. மூன்றாவது வாரத்தில் குட்டி ஈனும் பெட்டியை விட்டு வெளியே வந்து, தாயின் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்குகிறது. அதே மூன்றாவது வாரத்தில்தான் தாயின் பால் உச்ச அளவை எட்டுகிறது. அதன்பின் அது நாளுக்கு நாள் குறைந்து, ஐந்தாவது வாரத்தில் மிகச் சிறிதளவாகிவிடும்.

வயிற்றில் நிகழும் மாறுதல்

வளர்ந்த முயலின் இரைப்பையில் கடும் அமிலம் இருப்பதால், தீவனத்துடன் புகும் நுண்கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே அழிகின்றன. பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் இத்தகைய அமிலம் இல்லை. அதற்குக் காவலாக நிற்பது தாய்ப்பாலே. அப்பாலிலுள்ள சில கொழுப்பமிலங்கள் குட்டியின் வயிற்றில் விடுபட்டு, தீய கிருமிகளைத் தடுத்து நிறுத்துகின்றன.

பால் குறையக் குறைய இந்தக் காவலும் குறைகிறது. அதற்கு ஈடாக அமிலம் சிறிது சிறிதாகப் பெருகவேண்டும். நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றும் நன்மை பயக்கும் நுண்ணுயிர்கள் குருட்டுக்குடலில் குடியேறவேண்டும். இவ்விரண்டும் குட்டி திட உணவை உண்ணப் பழகும்போதே நிகழ்பவை. மூன்று வாரக் குட்டியைத் திடீரெனப் பிரித்தால், பழைய காவல் நீங்கியும் புதிய காவல் அமையாமலும் அது நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. காக்சீடியா என்னும் ஒரணுக் கிருமியும், கழிச்சலை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் தாக்குவது இந்த இடைவெளியில்தான்.

எந்த நாளில் பிரிப்பது?

ஆகவே, 28 நாட்களுக்கு முன் எக்காரணத்தைக் கொண்டும் குட்டிகளைப் பிரித்தல் கூடாது. சிறு அளவில் வளர்ப்போருக்கு 35-ஆவது நாளை ஒட்டிய காலமே பாதுகாப்பானது. எடை குறைந்த குட்டிகளை மேலும் ஒரு வாரம் தாயுடன் விட்டுவைக்கலாம். ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதனால் பயனில்லை. பால் வற்றிய தாயைக் குட்டிகள் ஓயாது மொய்ப்பதால் அது மெலியும். கூண்டில் நெருக்கடியும் மிகும்.

தாய் மீண்டும் சினையுற்றிருப்பின் இக்கணக்கு மாறும். ஈன்ற 14-ஆம் நாளில் இனச்சேர்க்கை செய்வித்தால், ஏறத்தாழ 45-ஆம் நாளில் அடுத்த ஈற்று வந்துவிடும். முன்னீற்றுக் குட்டிகளை 35-ஆம் நாளுக்குள் பிரித்தால்தான் தாய்க்குப் பத்து நாள் ஓய்வு கிட்டும்.

பிரிக்கும் முறை

குட்டிகளைத் தூக்கிப் புதுக் கூண்டில் விடுவதைவிட, தாயை அகற்றிக் குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே விடுவது நலம். தாயைப் பிரிதல், இடமாற்றம், தீவன மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் நேர்ந்தால் குட்டி தாங்காது. பிரிப்பதற்கு முன் உண்ட அதே தீவனத்தையே பின்னரும் பத்து நாட்கள் கொடுத்து, அதன்பின் சிறிது சிறிதாக மாற்றவேண்டும். உலர்ந்த புல் எப்பொழுதும் கிடைக்கவேண்டும். வேலிமசால் போன்ற பசுந்தழையை வாடவைத்து, முதலில் சிறிதளவே இடுக. மழையில் நனைந்த தழையும் புளித்த தீவனமும் அறவே கூடாது. தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

தாய்க்கு இரண்டொரு நாட்கள் கலப்புத் தீவனத்தைக் குறைத்தால் பால் எளிதில் வற்றும். மடி வெப்பமாகவோ கெட்டியாகவோ இருப்பின் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

பிரித்த குட்டிகளை ஆண், பெண் எனப் பாகுபடுத்தி, மூன்று மாதம் நிறைவதற்குள் தனித்தனிக் கூண்டுகளுக்கு மாற்றுக. தவறினால் ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தும். இளம் பெண் முயல்கள் உடல் முதிராமுன் சினையுறும்.

கோலார் தங்கவயலில்

மன்னவனூர் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த இடம். தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் கோலார் தங்கவயலோ ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், வறண்ட மேட்டு நிலத்தில் அமைந்தது. மலையில் வகுத்த முறையை இங்கே அப்படியே பின்பற்றலாகாது. உஷ்ணம் 30 பாகைக்கு மேற்பட்டால் தாய் தீவனத்தைக் குறைக்கும், பாலும் குறையும், குட்டிகளின் எடை பின்தங்கும். எனவே, ஏப்ரல், மே மாதங்களில் நாட்கணக்கை மட்டும் நம்பாமல், குட்டி நாள்தோறும் எவ்வளவு தீவனம் உண்கிறது என்று பார்த்துப் பிரிக்கவேண்டும். தகரக் கூரையின் கீழ்க் கூண்டு வைப்பின், கூரைமேல் ஓலை பரப்புக. பிரிக்கும் வேலையை மாலை வேளையில் செய்க.

இங்கு வேறொன்றும் கருதத்தக்கது. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டபோதிலும், தங்கம் பிரித்த பின் கொட்டப்பட்ட சயனைடு மேடுகள் மைசூர் மைன்ஸ் முதலிய பகுதிகளைச் சூழ்ந்து இன்றும் நிற்கின்றன. அம்மேடுகளிலும் அவற்றின் நீர் வடியும் இடங்களிலும் முளைக்கும் புல்லை முயலுக்கு அறுத்துவருதல் கூடாது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கது

சிற்றூர்களில் பணியாற்றும் ஊழியர்கள், முயல் வாங்கிய குடும்பத்தாரிடம் ஈன்ற தேதியைக் கூண்டின்மேல் ஓர் அட்டையில் எழுதிவைக்கச் சொல்லவேண்டும். அட்டை இல்லாத இடத்தில் நான்கு வாரக் குட்டியும் மூன்று வாரக் குட்டியும் ஒன்றுபோலவே தோன்றும். சந்தைக்கு எடுத்துச் செல்லும் அவசரத்தில் வயதை எவரும் எண்ணுவதில்லை.

பள்ளியில் முயல் வளர்க்கும் ஆசிரியர், ஒவ்வொரு குட்டியையும் 21, 28, 35, 42-ஆம் நாட்களில் மாணவர்களைக் கொண்டு நிறுத்து எழுதச் செய்யலாம். பிரித்தபின் எடை ஏறாமல் நிற்கும் குட்டி எது என்று அப்பட்டியலே காட்டிவிடும். அக்குட்டியை உடனே தனிமைப்படுத்திக் கவனித்தால், அதையும் அதன் உடன்பிறப்புக்களையும் காப்பாற்ற வழியுண்டு. இரண்டு மூன்று பெண் முயல்களை மட்டுமே நம்பி வளர்க்கும் ஒரு குடும்பத்திற்கு, ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் பிழைப்பது சிறிய ஆதாயமன்று. அதற்கு வேண்டுவதெல்லாம் தாயுடன் மேலும் ஒரு வாரம் விட்டுவைக்கும் பொறுமையே.