ஒரு சகலதுறை வீரரின் கால்கள்

கிரிக்கெட் ஆட்டத்திலே துடுப்பை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஒரு கவலை. பந்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு வேறொரு கவலை. சகலதுறை வீரருக்கோ இரண்டு கவலைகளும் ஒருங்கே உண்டு. ஆனால் இரு தொழில்களின் பாரத்தையும் சுமப்பதற்கு அவருக்கு வாய்த்தவை ஒரு சோடிக் கால்களே. ஓடிவந்து பந்து வீசுபவரின் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில், உடற்பாரத்தின் பன்மடங்கான விசை அக்காலில் இறங்குகின்றது. தொடையின் பின்புறத் தசை ஒருமுறை கிழிந்துவிட்டால், ஆறிய பின்னரும் அது மீண்டும் கிழியும் அபாயம் முன்னிலும் பார்க்க அதிகம். இலங்கை வீரர் அஞ்சலோ மத்தியூஸ் தமது ஆட்டக்காலத்தின் பெரும்பகுதியை இந்த அபாயத்தோடேயே கழித்தவர்.

1987 ஆம் ஆண்டில் கொழும்பிலே பிறந்த அவர், 2009 இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடைபெற்ற இருபது ஓவர் உலகக்கிண்ண அரையிறுதியில், மேற்கிந்தியத் தீவுகளின் மூன்று விக்கெட்டுகளை முதல் ஓவரிலேயே வீழ்த்தினார். அடுத்த ஆண்டு மெல்பேணில், 240 ஓட்டங்களை நாடிய இலங்கை 107 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, லசித் மாலிங்கவுடன் சேர்ந்து 132 ஓட்டங்களைக் குவித்தார். தோல்வி உறுதியென எண்ணி வானொலியை நிறுத்தியவர்கள் மறுநாட் காலையில் வருந்தியிருப்பார்கள்.

2011 உலகக்கிண்ண அரையிறுதியில் தொடைத்தசை பாதிக்கப்பட்டு, மும்பாய் இறுதிப் போட்டியை அவர் இழந்தார். ஆயினும் 2013 இல், 25 ஆவது வயதில், டெஸ்ட் அணித்தலைவரானார். 2014 இல் லீட்ஸ் நகரில் முதலில் 44 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்துப் பின்னர் 160 ஓட்டங்களையும் பெற்றார். எட்டாவது விக்கெட்டுக்காக ரங்கன ஹேரத்துடன் 149 ஓட்டங்களைச் சேர்த்தார். இங்கிலாந்து மண்ணில் இலங்கை டெஸ்ட் தொடரை வென்றது. சகலதுறை வீரர் என்னும் சொல்லுக்கு அந்த ஒரு போட்டியே போதிய விளக்கம்.

அதன் பின்னர் கால்கள் அடிக்கடி வஞ்சித்தன. 2017 இல் சிம்பாப்வேயிடம் ஒருநாட் தொடரை இழந்த பின் தலைமையைத் துறந்தார். 2018 சனவரியில் அப்பொறுப்பு மட்டுப்படுத்தப்பட்ட ஓவர் அணிகளளவில் மீண்டும் வந்தது. அதே மாதத்தில் தொடைத்தசைக் காயமும் வந்தது. செப்டெம்பரில் தலைமை பறிக்கப்பட்டது. உடற்தகுதி போதாதென்று ஒருநாள் அணியிலிருந்தும் விலக்கப்பட்டார்.

அவ்வாண்டு டிசெம்பரில் வெலிங்டன் டெஸ்டிலே, 13 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையில், குசல் மென்டிசும் அவரும் கூடினர். நான்காம் நாள் முழுவதும் அவ்விருவரையும் நியூசிலாந்தினரால் பிரிக்க இயலவில்லை. ஆட்டமிழக்காத 274 ஓட்ட இணைப்பாட்டம் அது. சதத்தை எட்டியதும் மத்தியூஸ் துடுப்பைக் கீழே வைத்து, கைகளைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுத்தார். உடற்தகுதி பற்றி வினவியோருக்கு விடை கிடைத்தது. பெரியோர் சிலர் அதனைச் சற்று மிகையென்று கருதியிருக்கலாம்; கருதியதிலும் தவறில்லை. ஏனெனில் அடுத்த டெஸ்டிலேயே, கிறைஸ்ட்சேர்ச் நகரில், அதே தொடைத்தசை மீண்டும் பாதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தையும், தென்னாபிரிக்காவில் இலங்கை வென்ற டெஸ்ட் தொடரையும் அவர் வெளியிலிருந்தே நோக்க நேரிட்டது.

துடுப்பாட்டக்காரராக அவர் திரும்பி வந்தார். பந்து மட்டும் கைக்கு வரவில்லை. 2019 சூலை முதலாம் திகதி, இங்கிலாந்தின் செஸ்ரர்-லீ-ஸ்றீற் மைதானத்தில் உலகக்கிண்ணப் போட்டி. இலங்கையின் 338 ஓட்டங்களைத் துரத்திய மேற்கிந்தியத் தீவுகளுக்கு நிக்கொலஸ் பூரன் 118 ஓட்டங்களுடன் வெற்றியை நெருங்கச் செய்துகொண்டிருந்தார். எஞ்சியவை மூன்று ஓவர்கள். ஒருநாட் போட்டிகளில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகப் பந்து வீசாத மத்தியூஸிடம் பந்து கொடுக்கப்பட்டது. வேகம் மிதமானதே. முதற் பந்து பூரனின் துடுப்பின் விளிம்பைத் தொட்டு, விக்கெட் காப்பாளர் குசல் பெரேராவின் கையுறைக்குள் சென்றது. இலங்கை 23 ஓட்டங்களால் வென்றது.

2025 சூனில் காலி மைதானத்தில் தமது 119 ஆவது டெஸ்டோடு அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது, அவருடைய கணக்கில் 8,214 ஓட்டங்களும் 16 சதங்களும் இருந்தன. விக்கெட்டுகள் 33.