முதுகுக்குக் காற்று விடும் முதுகுப்பை: அமைப்பும் தேர்வும்

பள்ளி, கல்லூரி மாணவர்கள், கூரியர் ஊழியர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், உணவு கொண்டு சேர்ப்பவர்கள் எனப் பலரும் நாள்தோறும் நெடுநேரம் முதுகில் பை சுமக்கின்றனர். கோடைக் காலத்தில் இவர்களுள் பலருக்கு முதுகில் வேர்க்குரு, தேமல், படர்தாமரை, பரு ஆகியவை தோன்றுகின்றன. மருந்து தடவும்போது குறையும் தொல்லை, பையை மீண்டும் மாட்டத் தொடங்கியதும் திரும்பி வருவதை நீங்கள் கவனித்திருக்கலாம். காரணம் அப்படியே இருக்கும்போது மருந்து மட்டும் நிலையான பயன் தராது. பை முதுகை ஏன் சூடாக்குகிறது, எத்தகைய அமைப்பு அதைத் தவிர்க்கிறது, இருக்கும் பையிலேயே என்ன மாற்றம் செய்யலாம், யாருக்குக் கூடுதல் கவனம் தேவை என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முதுகு எவ்வாறு குளிர்கிறது?

உடல் இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்குகிறது. சுமையுடன் இயல்பான வேகத்தில் நடக்கும் பெரியவர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 300 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. தோலின் வெப்பநிலை பொதுவாக 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் காற்றுக்குச் செல்லும். காற்றின் வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அந்த வழி அடைபடுவதோடு, காற்றிலிருந்து வெப்பம் உடலுக்குள் வரவும் தொடங்குகிறது. அப்போது உடல் பெரிதும் நம்பியிருப்பது வியர்வை ஆவியாதலை மட்டுமே.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துச் செல்கிறது. அதன்படி, 300 வாட் வெப்பத்தை வியர்வையால் மட்டுமே வெளியேற்ற வேண்டுமானால் மணிக்குச் சுமார் 450 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வியர்வை சுரந்தால் மட்டும் போதாது, அது ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடலின் நீரையும் உப்பையும் குறைப்பதோடு சரி.

உடலில் வியர்வை மிகுதியாகச் சுரக்கும் இடங்களுள் முதுகின் நடுப்பகுதியும் ஒன்று. பை அழுந்துவதும் அதே இடத்தில்தான்.

பை செய்யும் தடை

45 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பை, முதுகோடு முழுவதும் ஒட்டியிருந்தால் 1,350 சதுர செ.மீ. தோலை மூடுகிறது. இது பெரியவர் ஒருவரின் மொத்தத் தோல் பரப்பில் ஏறக்குறைய 8 விழுக்காடு. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு மற்றப் பகுதிகளின் வியர்வை இந்த இழப்பை ஈடுசெய்துவிடும். ஆகவே பை மாட்டியதனால் மட்டும் வெப்பவாதம் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. எனினும், மூடப்பட்ட தோல் மணிக்கணக்கில் ஈரத்திலேயே ஊறுகிறது. ஊறிய தோலில் வியர்வைக் குழாய்களின் வாய் அடைபடுகிறது. உராய்வால் தோல் எளிதில் புண்படுகிறது. பூஞ்சை வளர ஏற்ற சூழல் உருவாகிறது.

கயிற்றுக் கட்டிலில் படுத்தவரின் முதுகையும் தடித்த பஞ்சு மெத்தையில் படுத்தவரின் முதுகையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கயிறுகளுக்கு இடையே காற்று புகுவதால் முதல்வரின் முதுகு உலர்ந்திருக்கும். முதுகுப்பைக்கும் இதே விதி பொருந்தும். மென்மையான திண்டு முதுகுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது குளிர்ச்சி தராது. குளிர்ச்சி தருவது காற்று சென்றுவரும் இடைவெளியே.

முதுகுப் பக்கத்தின் நான்கு அமைப்புகள்

1. தட்டையான முதுகு: துணியோ ஸ்பாஞ்சோ முதுகு முழுவதும் ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு வழியில்லை. குறைந்த நேரம், குறைந்த சுமை என்றால் மட்டும் ஏற்றது.

2. வலைத்துணி போர்த்திய திண்டு: பார்ப்பதற்குத் துளைகள் நிறைந்திருக்கும். சுமை ஏறியதும் பல பைகளில் இந்த வலை நசுங்கி, அடியிலுள்ள ஸ்பாஞ்சோடு ஒட்டிவிடும். துளைகள் இருப்பதனாலேயே காற்று செல்லும் என்று கருத வேண்டாம்.

3. வாய்க்கால் அமைப்பு: இரு பக்கமும் உறுதியான திண்டுகள், நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். சூடான காற்று மேலெழுந்து வெளியேற, கீழிருந்து புதிய காற்று நுழையும். நடக்கும்போது பை அசைவதும் காற்றை உள்ளும் புறமும் தள்ளும். பள்ளத்தின் மேல் முனையும் கீழ் முனையும் திறந்திருந்தால்தான் இது பயன்படும்.

4. இழுத்துக் கட்டிய வலை: வில்போல் வளைந்த சட்டகத்தில் வலையைக் கட்டிலின் கயிறுபோல் இறுகக் கட்டியிருப்பர். முதுகு வலையின்மீது சாய்ந்திருக்க, பையின் உடல் சில செ.மீ. தள்ளி நிற்கும். பக்கவாட்டிலும் காற்று வரும். ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் 1984இல் மலையேறுவோருக்காக இத்தகைய பையை வெளியிட்டது. இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. முதுகு உலர்ந்திருக்க நான்கினுள் இதுவே சிறந்தது. இடைவெளி இருப்பதால், பையே முதுகுக்கு வெயில் மறைப்பாகவும் அமைகிறது.

கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை மெதுவாகவே ஆவியாகும். அங்கே மூடிய இடைவெளி விரைவில் ஈரக்காற்றால் நிறைந்துவிடும். எனவே இடைவெளியின் அகலத்தைப் போலவே அதன் திறப்புகளும் முக்கியம்.

இடைவெளியால் வரும் சுமை

இடுப்போடு அணைத்த குடத்தைவிட, நீட்டிய கையில் பிடித்த அதே குடம் கனமாகத் தோன்றும். அவ்வாறே, பை முதுகிலிருந்து விலக விலக உடலைப் பின்னோக்கி இழுக்கும். அதைச் சமன்செய்ய நீங்கள் முன்னோக்கிக் குனிவீர்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்கும். ஆகவே இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது நன்றன்று. நகரத்தில் அன்றாடம் பயன்படுத்தும் பைக்கு இரண்டு முதல் நான்கு செ.மீ. இடைவெளி போதுமானது. கனமான பொருள்களை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். சுமை கூடுதலாக இருந்தால் இடுப்புப் பட்டை உள்ள பையைத் தேர்ந்தெடுங்கள். அது எடையின் ஒரு பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும்.

குழந்தைகளுக்கு எடையே முதல் அளவுகோல். இந்திய அரசின் பள்ளிப் பை கொள்கை 2020, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது இரண்டரைக் கிலோ. இரும்புச் சட்டகம் கொண்ட பை, புத்தகம் வைக்கும் முன்பே இந்த அளவில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். பள்ளிக் குழந்தைக்கு, எடை குறைந்த வாய்க்கால் அமைப்புப் பையே ஏற்றது. எடை குறைந்தால் உடல் உண்டாக்கும் வெப்பமும் குறையும் என்பதையும் நினைவில் கொள்க.

பனிக்கட்டிப் பொதி உதவுமா?

முதுகுக்கும் பைக்கும் இடையே குளிர்பொதி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அரைக் கிலோ பனிக்கட்டி முழுவதும் உருகும்போது ஏறத்தாழ 1,67,000 ஜூல் வெப்பத்தை எடுக்கும். வெறும் 70 மில்லிலிட்டர் வியர்வை ஆவியானாலே அதே வெப்பம் நீங்கிவிடும். உருகிய பின் அந்தப் பொதி காற்றை அடைக்கும் அரைக் கிலோ சுமையாக எஞ்சும். உறைந்த பொதி நேரடியாகத் தோலில் படுவதால் தோல் புண்படவும் கூடும். உணர்ச்சி குறைந்த தோல் உள்ள நீரிழிவு நோயாளிகளும் தண்டுவடக் காயம் உற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்

• முதுகுப் பக்கத் திண்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முழுவதும் நசுங்கினால் அது சுமையிலும் நசுங்கும்.
• வழக்கமாகக் கொண்டுசெல்லும் பொருள்களின் எடையை வைத்து மாட்டிக்கொள்ளுங்கள். மற்றொருவர் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்கட்டும். முதுகுக்கும் பைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா?
• வீட்டில் உள்ள பையைச் சோதிக்க, வெளிர்நிறப் பருத்திச் சட்டை அணிந்து 20 நிமிடம் நடங்கள். பையைக் கழற்றியதும் சட்டையின் ஈரத் தடத்தைப் பாருங்கள். முதுகு முழுவதும் ஒரே ஈரமாக இருந்தால் காற்று செல்லவில்லை. நடுவில் உலர்ந்த பட்டை தெரிந்தால் வாய்க்கால் வேலை செய்கிறது.

இருக்கும் பையை மாற்றி அமைத்தல்

புதிய பை வாங்க இயலாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய யோகா விரிப்பு போன்ற உறுதியான பொருளிலிருந்து நான்கு விரல் அகலத்தில் பட்டைகள் வெட்டி, இரண்டு செ.மீ. தடிப்பு வரும்வரை அடுக்குங்கள். அவற்றைப் பையின் முதுகுப் பக்கத்தில் இடது, வலது ஓரங்களில் நெடுக்குவாக்கில் தைத்து, நடுப்பகுதியைத் திறந்து விடுங்கள். பட்டைகள் முதுகெலும்பின்மீது படாமல் அதன் இருபுறமும் அமைய வேண்டும். பையினுள் முதுகை ஒட்டி ஒரு மெல்லிய அட்டை வைத்தால், புத்தகங்கள் பிதுங்கி அந்த வாய்க்காலை அடைக்காது.

உணவு கொண்டு செல்லும் பைகள் வெப்பம் கடக்காதவாறு செய்யப்பட்டவை. உணவைச் சூடாக வைக்கும் அதே சுவர் முதுகின் வெப்பத்தையும் வெளியேற விடாது. இவற்றை வண்டியின் பின்புறத்தில் பொருத்துவதே முதுகுக்கு நல்லது. இயலாவிட்டால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பையைக் கழற்றி வையுங்கள்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

சிலருக்கு வியர்வையே குறைவாகச் சுரக்கும். இவர்களுக்கு முதுகை மூடுவதும் சுமையோடு நடப்பதும் ஆபத்தாகலாம்.

• முதியோர், நெடுங்கால நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், தண்டுவடக் காயம் உற்றவர்கள், பிறவியிலேயே வியர்வைச் சுரப்பி குறைந்தவர்கள்.
• டிரைஹெக்ஸிஃபெனிடில், ஆக்ஸிபியூட்டினின், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்கள். இவை வியர்வையைக் குறைக்கக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயிலில் சுமை தூக்கும் வேலை உண்டு என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

தோலைப் பேணுதல்

வீடு திரும்பியதும் முதுகைக் கழுவி உலர்த்தி, உலர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். பையின் முதுகுப் பக்கத்தை வாரம் ஒருமுறை சோப்பு நீரால் கழுவி வெயிலில் காயவையுங்கள். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீர்க் குளியலும் காற்றோட்டமும் முதல் மருந்து. கேலமைன் லோஷன் அரிப்பைக் குறைக்கும். எண்ணெயும் பசைத்தன்மை கொண்ட களிம்புகளும் குழாய்களை மேலும் அடைக்கும்.

வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து அரிக்கும் தடிப்பு படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ மேலும் பரவி, பின்னர்க் குணப்படுத்தக் கடினமாகும். இத்தகைய தடிப்பு இருந்தாலோ, வேர்க்குரு சில நாட்களில் தணியாவிட்டாலோ, சீழ், காய்ச்சல் தோன்றினாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

வெயிலில் சுமையோடு செல்பவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மிகுந்த சோர்வு தோன்றினால் பையை உடனே கழற்றி, நிழலில் அமர்த்தி, நீர் பருகக் கொடுங்கள். பேச்சுக் குழறல், மனக்குழப்பம், வலிப்பு, மயக்கம் ஏற்பட்டால் அது வெப்பவாதமாக இருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அவ்வாறே கருத வேண்டும். 108 எண்ணை அழையுங்கள். ஊர்தி வரும்வரை காத்திராமல் ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, இடைவிடாமல் விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்க வேண்டாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

சுமையைக் குறையுங்கள். முதுகுக்கும் பைக்கும் இடையே மேலும் கீழும் திறந்த இடைவெளி விடுங்கள். நீண்ட நடையில் அவ்வப்போது பையைக் கழற்றி முதுகை உலரவிடுங்கள். வீட்டில் பள்ளி செல்லும் குழந்தை இருந்தால், இன்று மாலை அதன் பையை எடைபோட்டுப் பாருங்கள். சட்டையின் பின்புறத்தையும் பாருங்கள்.