கண்ணாடியில் பொறித்த தூரங்கள்

அமெரிக்காவில் 'த்ரீ கன்' என்றொரு சுடுதல் போட்டி உண்டு. கைத்துப்பாக்கி, ஷாட்கன், ரைபிள் மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்து, இடம்விட்டு இடம் ஓடிச் சுட வேண்டும். குறி தவறினால் நேரம் கூடும். குறைந்த நேரத்தில் முடித்தவருக்கே வெற்றி. ரைபிளைக் கையில் எடுத்ததும் முதல் இலக்கு 10 கஜத்தில் ஓர் அட்டையாக இருக்கலாம். அடுத்தது 300, 400 கஜத்துக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தகடு. ஒவ்வொரு தகட்டுக்கும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகைத் திருப்பி உயரம் வைக்க நேரம் கிடையாது.

ஆகவே பலர் தூரங்களைக் கண்ணாடியிலேயே பொறித்த ஸ்கோப்பைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே பார்த்தால் நடுப்புள்ளிக்குக் கீழே படிப்படியாகச் சிறு கோடுகள் தெரியும். பக்கத்தில் 3, 4, 5 என்ற எண்கள். 300 கஜத்துத் தகட்டுக்கு 3 என்ற கோட்டை வை, விசையை இழு. குண்டு வீழ்வதை ஈடுசெய்யும் இந்த அமைப்பை பி.டி.சி. ரெட்டிக்கிள் என்பார்கள். மிக நல்ல கருவி. ஆனால் அந்த 3 எந்தத் தோட்டாவுக்காக எழுதப்பட்டது என்று விசாரிக்காமல் அதை நம்பினால் கைவிட்டுவிடும்.

நம்மவர்களுக்குத் துப்பாக்கிச் சுடுதல் என்றதும் நினைவுக்கு வருவது இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிதான். அங்கே தூரம் மாறுவதே இல்லை; தொலைநோக்கிக்கும் அனுமதி இல்லை. வீழ்ச்சியைப் பற்றிய கவலை தூரம் மாறும்போதுதான் தொடங்குகிறது.

குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே குண்டு கீழே விழத் தொடங்குகிறது. எவ்வளவு விழும் என்பதைப் பெரும்பாலும் அது பறக்கும் நேரமே தீர்மானிக்கிறது. அதுவும் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. நேரம் இரட்டித்தால் வீழ்ச்சி ஏறக்குறைய நான்கு மடங்கு. தோட்டத்தில் தூரத்துச் செடிக்கு நீர் பாய்ச்சக் குழாயின் வாயைச் சற்று உயர்த்திப் பிடிப்பதுபோல, ரைபிளின் குழலும் பார்வைக் கோட்டுக்கு மிகச் சிறிய கோணத்தில் மேல்நோக்கியே இருக்கிறது. ஏஆர்-15 வகை ரைபிளில் ஸ்கோப்பின் மையம் குழலுக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் மேலே இருக்கும். குண்டு கீழிருந்து ஏறிப் பார்வைக் கோட்டைத் தொடுகிறது அல்லது கடக்கிறது, பிறகு இறங்குகிறது. எந்தத் தூரத்தில் குண்டும் நடுப்புள்ளியும் சரியாகச் சந்திக்க வேண்டும் என்று நாம் அமைத்துக்கொள்கிறோமோ, அதுவே அந்த ரைபிளின் 'ஜீரோ'.

1638-இல் கலிலியோ எறிபொருளின் பாதை ஒரு பரவளையம் என்று காட்டினார். வெற்றிடத்தில் அது உண்மை. காற்றில் குண்டு தன் வேகத்தை இழந்துகொண்டே போகிறது. எவ்வளவு இழக்கிறது என்று முதலில் முறையாக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர். கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். கட்டை எவ்வளவு பின்னால் ஆடியது என்பதை அதனோடு இழுபட்டு வந்த நாடாவால் அளந்தார். கட்டையின் எடையும் குண்டின் எடையும் தெரியுமாதலால், மோதிய வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஊசலை அருகில் வைத்து ஒருமுறை, தள்ளி வைத்து ஒருமுறை சுட்டால் இடையில் காற்று பறித்துக்கொண்ட வேகமும் தெரிந்துவிடும். அதிவேகமாகப் போகும் ஈயக் குண்டைக் காற்று தடுக்கும் விசை, அக்குண்டின் எடையைப் போல நூறு மடங்கு அளவுக்கு இருந்தது. காற்றைப் பொருட்படுத்தாமல் பீரங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி. 1742-இல் வெளிவந்த அவருடைய நூலை ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையே 1745-இல் விரிவான குறிப்புகளோடு ஜெர்மனில் மொழிபெயர்த்தார். குழலுக்குள் முறுக்குப் பள்ளம் வெட்டிய துப்பாக்கியே எதிர்காலத்தில் வெல்லும் என்றும் ராபின்ஸ் வாதிட்டார்.

அந்த ராபின்ஸ் மறைந்தது நம் மண்ணில். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியாளராக 1750-இல் வந்து சேர்ந்தவர், 1751-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்துபோனார். சுடுதல் அறிவியலின் தொடக்கப் பக்கங்களில் நிற்கும் இந்தப் பெயர் கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ராபின்ஸ் அளந்த அதே இரண்டைத்தான் இன்றைய போட்டியாளரும் தெரிந்துகொள்ள வேண்டும்: குழல்வாயில் குண்டின் வேகம், காற்றில் அது வேகம் இழக்கும் விதம். முதலாவதை அளக்க இப்போது ஊசல் வேண்டாம்; சுடுமேசையில் வைக்கும் சிறிய டாப்ளர் ரேடாரே போதும். இரண்டாவதைத் தயாரிப்பாளர்கள் 'பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட்' என்ற எண்ணாகத் தோட்டாப் பெட்டியிலோ பட்டியலிலோ தருகிறார்கள். அந்த எண் பெரிதானால் குண்டு காற்றை எளிதாகக் கிழித்துப் போகிறது என்று பொருள்.

இனி ஸ்கோப்புக்கு வருவோம். ஒரே ரைபிள், .223 என்ற ஒரே அளவில் இரண்டு வகைத் தோட்டாக்கள். ஒன்றில் 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.6 கிராம் எடையுள்ள குண்டு. நொடிக்கு 3,240 அடி வேகத்தில் கிளம்புகிறது. மற்றதில் 77 கிரெய்ன், சுமார் 5 கிராம். வேகம் 2,720 அடி. இரண்டையும் தனித்தனியே 100 கஜத்தில் ஜீரோ செய்தால், என் கணக்கில் 300 கஜத்தில் இலேசான குண்டு சுமார் 9 அங்குலமும் கனமானது சுமார் 13 அங்குலமும் கீழே போகும். 400 கஜத்தில் அது 23-க்கு 32. ஸ்கோப்பின் கோடுகள் இலேசான தோட்டாவுக்காக வரையப்பட்டவை என்று வைத்துக்கொள்வோம். கனமான தோட்டாவைப் போட்டு, 400 கஜத்துத் தகட்டின் நடுவில் 4 என்ற கோட்டை வைத்தால், குண்டு 9 அங்குலம் கீழே போகும். 10 அங்குலத் தகடு என்றால் மண்தான் பறக்கும்.

அப்படியானால் ஸ்கோப் தவறா? இல்லை. ஒவ்வொரு கோடும் உண்மையில் ஒரு கோணம். நடுப்புள்ளியிலிருந்து இத்தனை மில் கீழே என்பதுதான் கண்ணாடியில் மாறாத செய்தி. ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. அந்தக் கோணத்துக்கு 300 என்றும் 400 என்றும் பெயர் வைத்தது, தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட தோட்டாவையும் குழல் நீளத்தையும் ஸ்கோப் உயரத்தையும் வானிலையையும் மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. கோணத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் நாம் மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன 77 கிரெய்ன் தோட்டாவுக்கு 3, 4, 5 என்ற கோடுகள் ஏறக்குறைய 250, 340, 430 கஜங்களாகிவிடுகின்றன. இதை ஒரு சீட்டில் எழுதி ரைபிளின் கட்டையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கைபேசியில் கிடைக்கும் பாலிஸ்டிக் செயலிகளில் உங்கள் வேகத்தையும் குண்டின் எண்ணையும் கொடுத்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

எண்ணை மாற்ற மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்ததும். ஜீரோவை நகர்த்துவது. அதே கனமான தோட்டாவை 100-க்குப் பதிலாக 200 கஜத்தில் ஜீரோ செய்தால், 3-ஆம் கோடு 300 கஜத்தில் அரை அங்குலத்துக்குள் பொருந்திவிடுகிறது. 400 கஜத்தில் இரண்டரை அங்குலம் போலக் கீழே போகும். தகட்டுக்கு அது போதும். 500-இல் மட்டும் 6 அங்குலம் இடிக்கிறது. விலையாக, 100 கஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் மேலே படும். எந்தத் தூரத்தில் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் போட்டிக் களத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பெரிதாக்கும் அளவை மாற்றக்கூடிய ஸ்கோப்புகளில் ஒரு கண்ணி உண்டு. சிலவற்றில் படம் பெரிதாகும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். அங்கே கோணம் எப்போதும் சரி. வேறு சிலவற்றில் படம் மட்டும் பெரிதாகும், கோடுகள் அப்படியே நிற்கும். அவற்றில் எழுதியிருக்கும் தூரம் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் உண்மை, பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில். 6 மடங்கிலிருந்து 3 மடங்குக்கு இறக்கினால் ஒவ்வொரு கோடும் இரண்டு மடங்கு கோணத்தைக் காட்டும். அவசரத்தில் இதை மறந்தவர்களின் குண்டு தகட்டின் தலைக்கு மேலே பறக்கும். இதையே வசதியாக்கிக்கொண்டவர்களும் உண்டு: லூப்போல்ட் நிறுவனத்தின் 'பூன் அண்ட் கிராக்கெட்' ரெட்டிக்கிள் கொண்ட ஸ்கோப்புகளில் பெருக்க வளையத்தின் மேல் இரண்டு முக்கோணங்கள் இருக்கும். ஒரு வகைத் தோட்டாக்களுக்கு ஒன்று, மற்ற வகைக்கு மற்றது.

சரி, ஸ்கோப்புக்கு ஏற்ற தோட்டாவையே வாங்கிவிட்டால்? முடியும், ஆனால் குழலும் ஒத்துழைக்க வேண்டும். நீளமான, கனமான குண்டு தலைகுப்புறக் கவிழாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். பழைய எம்16ஏ1 ரைபிளின் பள்ளங்கள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிரெய்னுக்குப் போதும். 77 கிரெய்னுக்கு 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் அப்படியே நம்பக் கூடாது. குழல் ஓர் அங்குலம் குறைந்தால் .223-இல் நொடிக்கு 25 முதல் 50 அடிவரை வேகம் குறையும். வேகத்தில் 1 விழுக்காடு குறைந்தால் வீழ்ச்சியில் ஏறக்குறைய 2 விழுக்காடு கூடும்.

சுடும் ஊரும் வீழ்ச்சியை மாற்றும். ஒஹாயோவின் ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெர்ரி, ஏறக்குறையக் கடல் மட்டத்துக் காற்று. நியூ மெக்சிகோவின் ராட்டன் அருகே விட்டிங்டன் மையம் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே குண்டு அங்கே வேகத்தை நெடுநேரம் காப்பாற்றிக்கொள்ளும். 300 கஜத்தில் இந்த வித்தியாசம் கையளவுகூட இராது. 600-ஐத் தாண்டினால் தகட்டையே தவறவிட வைக்கும். அதனால்தான் 1,000 கஜம்வரை சுடும் பிரிசிஷன் ரைபிள் சீரிஸ் போட்டியாளர்கள் தூரம் எழுதிய கோடுகளை ஒதுக்கிவிட்டு, மில் அளவு மட்டும் பொறித்த கட்டங்களை நாடுகிறார்கள். 500 கஜத்துக்குள் ஓடிச் சுடுபவருக்கு, யோசிக்காமல் படிக்கக்கூடிய பி.டி.சி. கோடுகளே மேல் என்பது என் கருத்து.

செயலி தந்த எண்ணும் ஒரு மதிப்பீடுதான். 300, 400 கஜத்தில் உண்மையான தகட்டில் சுட்டுப் பார்த்து, குண்டு படும் இடத்துக்கு ஏற்பச் சீட்டைத் திருத்த வேண்டும். அதே தயாரிப்பாளரின் அதே தோட்டாவாக இருந்தாலும் பெட்டியில் லாட் எண் மாறியிருந்தால் மருந்தின் தொகுதி மாறியிருக்கலாம். அப்போது ரேடாரில் வேகத்தை மறுபடி அளந்துவிட்டுத்தான் அந்தப் பெட்டியைப் போட்டிக்கு எடுத்துப் போக வேண்டும்.