ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம்

கார் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் நம்மில் பலர் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றிவிடுகிறோம். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நாம் காண்பது போலவே, இன்ஜினுக்குள்ளும் வெள்ளையாகப் படிகின்றன. படிவு தடித்தால் சூடு வெளியேறாது. ஹெட் கேஸ்கெட் போய், குடும்பத்தோடு நடுவழியில் நிற்க நேரிடும்.

இன்ஜின் நன்கு ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துவிடும். பழைய நீரை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறியதும் வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்து, காரின் கையேடு சொல்லும் கூலன்டை நிரப்பலாம்.

வடித்த பழைய கூலன்ட் இனிப்பான விஷம். பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாமல் மூடிய கேனில் வைத்து, ஒர்க்‌ஷாப்பில் ஒப்படைப்போம்.