காந்தம் சொல்லாத உண்மை

ஹட்டனில் ஹாட்வெயார் கடை நடத்தும் எனக்கு ஒரு தகடு கற்றுத்தந்த பாடத்தை வியாபாரச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, உருட்டிய கொழுந்தை நொதிக்கவிடும் மேசைகளுக்கு 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு கேட்டது. கொழும்பில் 304 என்று சொல்லித் தந்ததையே வாங்கினேன். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அசல் சரக்கு என நம்பிக் கொடுத்தேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மூட்டுகளிலும் ஓரங்களிலும் பழுப்புக் கறை. "முதலாளி, இது நாங்கள் கேட்ட சாமானா?" என்று டீமேக்கர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

தேயிலைக்கு இது சின்ன விடயமல்ல. கொழுந்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். பழைய காலத்து எழுதும் மை உருவானதும் இவ்வாறுதான். இதனால்தான் கொழுந்து உருட்டும் மேசைகளுக்கு முன்னர் பித்தளையும் பின்னர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பொருத்தினார்கள்.

இரும்பில் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் கலந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டு அது மீண்டும் மூடிக்கொள்ளும். 304இல் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. நிக்கல் விலை கூடியது. எனவே 202இல் நிக்கலை 4 முதல் 6 வீதமாகக் குறைத்து, மங்கனீசைக் கூட்டுகிறார்கள். விலை குறையும்; ஈரத்தில் துருவைத் தாங்கும் சக்தியும் குறையும். எனக்குக் கிடைத்தது 202தான் என்பது பரிசோதித்த பின்னரே தெரிந்தது.

நாம் நம்பும் காந்தம் இங்கே உதவாது. 304, 202 இரண்டிலுமே அது ஒட்டாது. 430 தரத்தில் நன்றாக ஒட்டும். ஆனால் அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். வளைத்த இடத்தில் 304கூட இலேசாகக் காந்தத்தை இழுக்கும்.

அப்படியானால் என்ன செய்வது? உற்பத்தி ஆலையின் பரிசோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள வார்ப்பு இலக்கமும் தகட்டிலுள்ள இலக்கமும் ஒன்றா எனப் பாருங்கள். வாங்கும் பில்லிலும் விற்கும் பில்லிலும் தரத்தை எழுதுங்கள். பெரிய ஓர்டராயின் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மேசைகளைக் குளோரின் கலந்த திரவத்தால் கழுவினால் நல்ல தகடும் கெடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

202 கெட்ட சரக்கல்ல. வீட்டுக்குள் போடும் கைப்பிடிக்கும் தட்டு ராக்கைக்கும் அது போதும். அதை 202 என்றே சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மேசைகளுக்கு என் செலவிலேயே தகடு மாற்றிக் கொடுத்தேன். அந்த வருட இலாபத்தில் பெரும் பகுதி அதில் போனது. ஆனால் அந்தத் தொழிற்சாலை இன்றும் என் கடைக்குத்தான் வருகிறது.