40 நிமிஷம்: தீம் பார்க்கில் ஒரு இன்டர்ன் கற்றுக்கொண்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு மெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். விருதுநகர் பக்கத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, வேற மாநிலத்துல ஒரு தீம் பார்க்ல ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. ரைடு மெயின்டனன்ஸ் டீம். வீட்ல 'ராட்டினம் சுத்தவா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சோம்'னு கேக்குறாங்க. போகலாமா?"

போகலாம் தம்பி. வீட்டில் ஒன்று சொல்லுங்கள். நம்ம சிவகாசி இன்றைக்கு இருக்கிற நிலைக்குக் காரணமே ரெண்டு பேர் ஊரை விட்டுப் போய் வேலை கற்றதுதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பின்னாடியே பட்டாசு, அச்சகம் எல்லாம் வந்தது. அவர்கள் போனது இன்டர்ன்ஷிப் இல்லாமல் வேறென்ன?

நானும் போயிருக்கிறேன். 2018 மே மாசம், மூன்றாம் வருஷ லீவில், ரெண்டு ரயில் மாறி, மொழி தெரியாத ஊரில் ஒரு தீம் பார்க். பேர் வேண்டாம். இன்றைக்கு நான் சாஃப்ட்வேரில் இருக்கிறேன். ஆனாலும் என் வேலையில் தினமும் பயன்படுகிற பாடம் அங்கேதான் கிடைத்தது. அதில் ஒரு 40 நிமிஷம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், ஒரு ரோலர் கோஸ்டர் எப்படி ஆளைக் கொல்லாமல் ஓடுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கேட் திறக்கும் முன்

பார்க் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். எங்களுக்கு வேலை காலை ஆறரைக்கு. கையில் டார்ச், இடுப்பில் பெல்ட், சீனியர் டெக்னீஷியன் பின்னால் படியேறி டிராக்கை ஒட்டி நடக்க வேண்டும். சக்கரம், செயின், வெல்டிங், போல்ட். ஒவ்வொன்றுக்கும் செக்லிஸ்டில் ஒரு கட்டம்.

போல்ட்டைப் பார்ப்பது எப்படி? ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லாவற்றையும் தினமும் ஸ்பேனர் போட்டு முறுக்க முடியாது. அதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். சரியான அளவுக்கு முறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து கீழே இருக்கும் இரும்பு வரை ஒரே நேர்க்கோடாகப் பெயின்ட் தீட்டிவிடுவார்கள். நட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து விலகித் தெரியும். பத்தடி தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது பிளாக். இது ரயில்வேயில் இருந்து வந்த யோசனை. எதிர் ரயில் கிராஸிங்குக்காக சிவகாசி ஸ்டேஷனில் வண்டி நிற்குமே, அதே கணக்கு. ஒரு துண்டுத் தண்டவாளத்தில் ஒரு வண்டிதான். கோஸ்டர் பாதையையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். முன்னால் போன வண்டி தன் துண்டை விட்டு வெளியேறியதை சென்ஸார் பார்த்துச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் அடுத்த வண்டியை உள்ளே விடும்.

பிரேக்கும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. காரில் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். இங்கே பெரும்பாலும் தலைகீழ்: காற்றழுத்தம் கொடுத்தால்தான் பிரேக் விடும். கரன்ட் போனாலோ குழாய் வெடித்தாலோ ஸ்பிரிங் தானாக வந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில ரைடுகளில் காந்த பிரேக் இருக்கும். வண்டிக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே போகும்போது அதில் மின்சுழல் உண்டாகி வேகத்தைத் தின்றுவிடும். அதற்குக் கரன்டே வேண்டாம். மேலே ஏறும்போது 'டக் டக் டக்'என்று ஒரு சத்தம் வருமே, அது பயமுறுத்துவதற்கு வைத்ததில்லை. செயின் அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி ஒரு கொக்கி ஒவ்வொரு பல்லாக விழுகிற சத்தம்.

ஆக, ஏதாவது தப்பாகப் போனால் நின்றுவிடு. சந்தேகம் வந்தாலும் நின்றுவிடு. மொத்த டிசைனும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

அந்த 40 நிமிஷம்

ரெண்டாவது வாரம். மதியம், ரைடு ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாட்பாரத்துக்குக் கீழே ஒரு வேலையாக என்னை அனுப்பியிருந்தார்கள். தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். பிரேக் பகுதியைத் தாங்குகிற ஒரு போல்ட்டில் பெயின்ட் கோடு விலகியிருந்தது. விரல் அகலம்கூட இல்லை.

உடனே சொன்னேனா? இல்லை. மனசுக்குள் ஒரு பட்டிமன்றமே ஓடியது. பழைய கோடாக இருக்கலாம். காலையில் சீனியர் பார்த்திருப்பார். வந்து பத்து நாளாகிறது, நமக்கென்ன தெரியும். கியூவில் அவ்வளவு பேர் நிற்கிறார்கள், நிறுத்தச் சொல்லி ஒன்றும் இல்லையென்றால் மானம் போய்விடும். ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்பது வேறு. தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. 40 நிமிஷம் கழித்துத்தான் டெக்னீஷியன் தோளைத் தொட்டு விரலால் காட்டினேன்.

அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாக்கி டாக்கியில் ஒரே வார்த்தை. வந்த வண்டி ஸ்டேஷனில் நின்றது, ஆட்களை இறக்கினார்கள். டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்தால் நட் உண்மையிலேயே தளர்ந்திருந்தது. அதை முறுக்கி, பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சோதித்து, புதுக் கோடு தீட்டி, காலி வண்டியை ஓட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு போல்ட் தளர்ந்தால் வண்டி கீழே விழுந்துவிடாது. சுமையைப் பங்கு போட நிறைய போல்ட் இருக்கும். நான் யாரையும் காப்பாற்றிய ஹீரோ இல்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது, பாருங்கள். ஆபத்தாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் சும்மா நின்றேன். நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி, வண்டிக்கு 20 பேர். 40 நிமிஷத்தில் 200 பேர் என் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் ஷிப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டார். "நிறுத்தினதுக்கு தேங்க்ஸ். 40 நிமிஷம் ஏன் நிறுத்தலைன்னு எழுதிக் கொடு" என்றார். நாலு வரி எழுதினேன். மறுநாள் காலை மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லாமல் அதை வாசித்தார். திட்டவில்லை. அன்றிலிருந்து புதிதாக வருகிற இன்டர்னுக்கு முதல் நாளே ஒவ்வொரு ரைடிலும் ஸ்டாப் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்ட ஆரம்பித்தார்கள். தப்பாக அழுத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த ரெண்டாவது வாக்கியம்தான் முக்கியம்.

மெஷின் நிறுத்தியது, மனுஷன் ஓட்டினான்

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. 2015 ஜூன் 2, இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பார்க், 'ஸ்மைலர்' கோஸ்டர். ஆளில்லாமல் சோதனைக்கு விட்ட ஒரு வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பிளாக் சிஸ்டம் தன் வேலையைச் சரியாகச் செய்து, பின்னால் ஆட்களோடு வந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியது. வழியில் காலி வண்டி நிற்பது அங்கிருந்த இன்ஜினியர்களுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர்தான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, அதை மீறி வண்டியை அனுப்பினார்கள். மோதியது. 16 பேருக்குக் காயம், ரெண்டு இளம்பெண்களுக்குக் காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. 2016-ல் கம்பெனிக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம்.

அபாயம் இருக்கிறது என்று சொல்ல சென்ஸார் இருந்தது. வேலை நடக்க வேண்டும் என்ற அவசரம் அதை ஜெயித்துவிட்டது.

நிறுத்துவதும் பாதி வேலைதான். நிறுத்திய பிறகு ஆட்களை இறக்கத் தெரிய வேண்டும். 2025 மே 27 அன்று சென்னை ஈ.சி.ஆரில் ஒரு பார்க்கில் ரைடு உயரத்தில் நின்றுபோய், பலர் மணிக்கணக்காக மேலேயே மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் தீயணைப்புத் துறை வந்துதான் இறக்கியது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்

அன்று ராத்திரி சித்தப்பாவுக்கு போன் பண்ணினேன். அவர் பயராபீஸில் வேலை செய்கிறவர். நடந்ததைச் சொன்னேன். "அங்க யாரு வேணும்னாலும் நிப்பாட்டலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இங்க நிப்பாட்டினா அன்னிக்கு கூலிய யாருப்பா தருவா?" என்றார்.

நம்ம ஊரில் விதி இல்லாமல் இல்லை. வெடிபொருள் விதிகள் 2008 இருக்கிறது. அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி, ஒரு அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு இருக்கிறது. ஸ்டேட்டிக் கரன்ட் போக வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதுவும் பிளாக் சிஸ்டம்தான். ஒரு அறையில் தீ பிடித்தால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது.

விபத்துக்குப் பிறகு பேப்பரில் வருகிற காரணங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதிகம் பேர். அளவுக்கு மேல் மருந்து. மரத்தடியில் வைத்து வேலை. உள்குத்தகை. எல்லாமே அவசரத்தின் வெவ்வேறு பெயர்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்குக் கை நின்றால் காசு நின்றுவிடும். பக்கத்து அறையில் ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், சொன்னால் நஷ்டம் சொன்னவருக்குத்தான். ஸ்டைபண்ட் வாங்குகிற எனக்கு ரைடு நின்றால் பத்து பைசா நஷ்டமில்லை. அப்படியிருந்தும் 40 நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. கூலி போகும் என்று தெரிந்த ஒரு அக்கா எப்படிச் சொல்லுவார்?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நான் பத்தாம் வகுப்பு. குறைந்தது 38 பேர் போனார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடினவர்கள் அதில் நிறைய. எங்கள் பக்கத்தில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று ஒவ்வொரு விபத்துக்கும் சுலபமாக எழுதிவிடுகிறோம். கவனமாக இருந்து, பார்த்து, சொல்கிறவருக்கு அன்றைய கூலி உண்டா என்று கேட்பதில்லை. செக்லிஸ்டில் முதலில் சேர்க்க வேண்டிய கட்டம் அதுதான் என்பது என் கருத்து.

தம்பிக்குச் சில கேள்விகள்

இப்போது உங்கள் விஷயம். தீம் பார்க்கில் மாணவர்களை வைத்து வேலை வாங்குவது புதிதில்லை. புளோரிடா டிஸ்னி வேர்ல்டில் கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் 1981-லேயே வந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களும் ஜே-1 விசாவில் அமெரிக்காவுக்கு இப்படி வேலைக்குப் போகிறார்கள். எல்லாம் இனிமையாக முடிவதில்லை. 2011 ஆகஸ்டில், ஹெர்ஷி சாக்லேட் பேக் பண்ணும் கிடங்கில் ஜே-1 விசாவில் இருந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கலாச்சாரப் பரிமாற்றம் என்று கூட்டிவந்து பெட்டி தூக்க வைக்கிறார்கள், வாடகைக்குச் சம்பளத்தைப் பிடித்துவிடுகிறார்கள் என்பது புகார். அடுத்த வருஷமே அமெரிக்க அரசு, விடுமுறையில் வேலைக்கு வரும் மாணவர்களை உற்பத்தி வேலைகளிலும் ராத்திரி ஷிப்டிலும் போடக்கூடாது என்று விதியை மாற்றியது. ஸ்டாப் பட்டன் ரைடுக்கு மட்டும் இல்லை.

அதனால் கிளம்பும் முன் மெயிலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்:

- எந்த டீம், யார் கற்றுத்தருவார்? (டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தால் அது பயிற்சி இல்லை.)
- வாரத்துக்கு எத்தனை மணி நேரம், லீவு என்றைக்கு?
- ஸ்டைபண்ட் எவ்வளவு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் அதில் பிடிப்பார்களா?
- விபத்துக் காப்பீடு இன்டர்னுக்கும் உண்டா?
- உயரத்தில் ஏறும் முன் பயிற்சியும் பெல்ட்டும் தருவார்களா?

போய்ச் சேர்ந்த முதல் நாள் ஆறாவது கேள்வி: "ஸ்டாப் பட்டன் எங்க இருக்கு, நான் அழுத்தலாமா?" இதைக் கேட்டுச் சிரிக்கிற இடமாக இருந்தால் அடுத்த ரயிலில் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். அவமானமே இல்லை.

கடைசியாக ஒன்று. நான் கிளம்புகிற வாரம் சனிக்கிழமை பார்க்கில் வாணவேடிக்கை. கூட இருந்த பசங்க எல்லாம் வீடியோ எடுத்தார்கள். நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஊர்ப் பழக்கம். மறுநாள் காலை குப்பைக்குப் போகக் கிடந்த காலி அட்டைப்பெட்டியில் 'சிவகாசி - 626 123' என்று அச்சடித்திருந்தது. இந்தப் பெட்டியை ஒட்டியவர் எந்த அறையில், எத்தனை பேரோடு உட்கார்ந்திருந்தாரோ என்றுதான் தோன்றியது.

போயிட்டு வாங்க தம்பி. ரெண்டு மாசம் கழித்து ஒரு மெயில் போடுங்கள், உங்களை வைத்தே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே.